கேப்டன் பாக்கெரியின் வாரிசு

பதினோரு தலைமுறை ஒரே கூரியரில் வந்து இறங்கிய அன்றுதான் அன்பரசுவுக்குச் சனி பிடித்தது. கிறிஸ்தவருக்குச் சனி பிடிக்குமா என்று கேட்காதீர்கள். சனி மதம் பார்ப்பதில்லை.

அது 2009-ஆம் வருஷம். அன்பரசு தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. மனைவி ஆரோக்கியம்மாள், சிதம்பரத்துப் பெண். ஒரே மகள் இசைவாணிக்குக் கனடாவில், மாண்ட்ரியலில் கம்ப்யூட்டர் வேலை. போன இடத்தில் வேலையோடு ஒரு மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டுவிட்டாள். பெயர் மத்தியே ரெனோ. வெள்ளைக்காரன், அதிலும் இங்கிலீஷ் வெள்ளைக்காரன் இல்லை, கனடாவில் குடியேறிய பிரெஞ்சு வெள்ளைக்காரன். "ஆர்.சி.தானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள் ஆரோக்கியம்மாள். ஆமாம் என்றதும் ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சம்மதித்துவிட்டாள். அன்பரசுவுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

தை மாதம் கடலூரில் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளையின் அம்மா லிசெத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. வம்சாவளி தேடும் பைத்தியம். தேடிக் கண்டுபிடித்ததையெல்லாம் படமாக அச்சடித்து, சுருட்டி, குழாயில் போட்டுச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அன்பரசு சுருளைப் பிரித்தார். அது பாட்டுக்கு விரிந்துகொண்டே போனது. ஹாலில் தொடங்கிச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றது.

"என்னாங்க இது, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே ஜோசப்பா இருக்குது?" என்றாள் ஆரோக்கியம்மாள், படத்தை மிதிக்காமல் தாண்டியபடி.

"ஒரே ஆளு முன்னூறு வருஷம் உயிரோட இருந்திருப்பான். குளிர் பிரதேசம். கெட்டுப் போகாது."

மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"அந்தக் காலத்துல அங்க அப்படித்தாம்ப்பா" என்றாள் இசைவாணி. "ஞானஸ்நானம் குடுக்கறப்ப ஆம்பளப் புள்ளன்னா மொதப் பேரு ஜோசப். பொம்பளப் புள்ளன்னா மரி. அடுத்தது ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரு. கூப்பிடற பேரு கடைசியிலதான்."

"தெருவுல நின்னு ஜோசப்புன்னு கூப்பிட்டா?"

"தெருவே திரும்பிப் பாக்கும். அதுக்குத்தான் கடைசிப் பேரு."

"நடுவுல ஒருத்தருக்கு 'ரெனோ தி பெல்யூமேர்'னு போட்டிருக்கே. 'தி'ன்னா என்னா?"

"'தி'ன்னா 'என்கிற'ப்பா. பட்டாளத்துல இருந்தவங்களுக்குப் பட்டப்பேரு வைப்பாங்க. அதையே குடும்பப் பேரா வெச்சுக்கிட்டவங்க நெறைய. பெல்யூமேர்னா, சிரிச்ச மூஞ்சின்னு வெச்சுக்கலாம்."

"நம்ம ஊர்ல 'என்கிற' போட்டா பேப்பர்ல மூணாம் பக்கத்துல வரும். 'கோழி என்கிற குமாரு கைது'ன்னு."

ஆரோக்கியம்மாள் படத்தின் கடைசிப் பகுதியில் விரலை வைத்தாள். "ஏண்டி, அந்தாளு பேரு ரெனோ. இந்தம்மா பேரு லிசெத் கஞோன்னு இருக்குதே. அத்துக்கிட்டாங்களா?"

"அய்யோ அம்மா, நல்லாத்தான் இருக்காங்க. கியூபெக்ல, அதான் எங்க மாகாணத்துல, சட்டமே அப்படி. கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க பொறந்த வீட்டுப் பேருலதான் இருக்கணும். பழைய கோயில் ரிஜிஸ்தர்ல கூட அவுங்க பேரு, அவுங்க அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் இருக்கும்."

ஆரோக்கியம்மாள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி சொல்லு. அப்பா காதுல விழல."

அன்பரசுவின் காதில் நன்றாகவே விழுந்தது. அவருக்கு வேறு கவலை. பெண் வீட்டு வம்சாவளியையும் அனுப்பவேண்டுமாம். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கல்யாண ஹாலில் மாட்டப் போகிறார்களாம்.

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்பரசு. அப்பா சூசை. தாத்தா பக்கிரி. அதற்கு மேல் வெள்ளைத்தாள்தான் இருந்தது. ஊரில் செத்தவனுக்கெல்லாம் வாரிசு சர்ட்டிபிகேட் போட்டுக் கொடுத்த கை அது. கொள்ளுத்தாத்தன் பேர் தெரியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

இருக்கிற ஒரே தாத்தாவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பக்கிரி, காடாம்புலியூர் முந்திரித் தோப்பிலிருந்து கடலூர் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். இங்கே வேதத்தில் சேர்ந்து சவரிமுத்து என்று ஞானஸ்நானம் வாங்கினார். சாமியாரைத் தவிர யாரும் அந்தப் பேரால் அவரைக் கூப்பிடவில்லை. அவர் கூடப்பிறந்தவர்கள் காடாம்புலியூரிலேயே, மாரியம்மனோடேயே இருந்துவிட்டார்கள்.

பதினோரு ஜோசப்புக்கு எதிரே ஒரு மூட்டை தூக்கியா? கண்ணாடி முன் நின்றுகொண்டு அன்பரசு தாத்தா பேரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பக்கிரி. பாக்ரி. பாக்கெரி. பிரெஞ்சுக்காரன் எல்லாவற்றையும் மூக்கால்தான் சொல்வான் என்று கேள்வி. மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "பாக்கெரி!"

"ஜலதோஷமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நொச்சி போட்டு ஆவி புடிங்க."

அவர் ஆவி பிடிக்கவில்லை. நேரே ப்ரௌசிங் சென்டருக்குப் போய்ச் சம்பந்தியம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் அடித்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தது அல்லவா? அந்தப் படையில் வந்தவர்தான் கேப்டன் ழான் பாக்கெரி. காலில் குண்டு பாய்ந்தது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி மருந்து கட்டினாள். கால் ஆறியது, காதல் ஆறவில்லை. கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு மகன், மகனுக்கு மகன், இப்படி நேரே ஆண் வழியில் வந்து இறங்கியவர்தான் அன்பரசு. எழுதுகிற உற்சாகத்தில் கேப்டனுக்கு ஒரு வெள்ளைக் குதிரையும் கொடுத்தார். கடைசியில் வலது கண்ணையும் எடுத்துவிட்டார். வீரனுக்கு அது எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது.

பொய் சொல்லிவிட்டால் போதாது, அதற்குக் காவலும் போடவேண்டும். பத்திரிகை யார் யாருக்கு என்று பேசும்போதுதான் அன்பரசுவுக்கு அது புரிந்தது.

"அமராவதி அக்காவ உட்டுட்டீங்களே" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"எந்த அக்கா?"

"காடாம்புலியூர் அக்காங்க. உங்க சின்னத் தாத்தா பேத்தி. வருஷா வருஷம் பலாப்பழமும் முந்திரிப் பருப்பும் அனுப்பறாங்களே, திங்கறப்ப எந்த அக்கான்னு கேட்டீங்களா?"

"அவ வந்தா வாய மூடிக்கிட்டு இருப்பாளா? பக்கிரி தாத்தா ஹார்பர்ல மூட்ட தூக்கினாருன்னு ஹால் பூரா சொல்லுவா."

"தூக்கினாருதான?"

"கேப்டன் பேரன் எப்படிடி மூட்ட தூக்குவான்?"

ஆரோக்கியம்மாள் பத்திரிகைப் பட்டியலைக் கீழே வைத்தாள். "யாருங்க கேப்டன்?"

சொல்லவேண்டியதாகிவிட்டது. குதிரை வரைக்கும் சொன்னார். கண்ணைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டார்.

"அப்ப ஒரு கேப்டனுக்காக சொந்த அக்காவ வேணாங்கறீங்க."

"இது குடும்ப கௌரவம். அவள கூப்பிடப் போறதில்ல. இது என் முடிவு."

"சரிங்க" என்றாள் ஆரோக்கியம்மாள்.

சண்டை போட்டிருந்தால் அவர் ஜாக்கிரதையாக இருந்திருப்பார். 'சரிங்க' என்றதும் ஜெயித்துவிட்டதாக நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் இசைவாணி போன் செய்தாள். குரலில் ஒரே பரபரப்பு. "அப்பா, லிசெத் அம்மா தேடிப் பாத்தாங்களாம். ரெனோ குடும்பத்துல நாலாவதா இருக்காரே ஒரு ஜோசப், அவருக்கு ஒரு தம்பி இருந்தாராம். பட்டாளத்துல சேந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாராம். அவருக்குப் பட்டப்பேரு என்னா தெரியுமா? பாக்கெரி! ரெனோ தி பாக்கெரி!"

தான் கட்டிய கதை எப்படி நிஜமாகும் என்று அன்பரசு ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நம் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது, அதனால்தான் நமக்குத் தோன்றியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாள் ஆபீசுக்குப் போகும்போது இடது காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தார். "என்னா சார், முட்டி வலியா?" என்று கேட்டவர்களிடம், "பரம்பரை" என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியம்மாள் கொல்லையில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, ஒரு சந்தேகம். மாப்ளயோட முப்பாட்டன் அண்ணன். நம்ம கேப்டன் தம்பி."

"ஆமா. கூடப்பொறந்த தம்பி."

"அண்ணன் தம்பி வழின்னா பங்காளிதானே?"

"பின்ன? பங்காளிதான்."

"பங்காளி புள்ளைக்கும் பங்காளி பொண்ணுக்கும் என்னா முறைங்க?"

அன்பரசு குனிந்து தரையில் கிடந்த மீன் செதிலைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அண்ணன் தங்கச்சி முறை" என்று அவளே சொன்னாள். "நம்ம பாப்பா அண்ணனக் கட்டிக்கப் போவுது. யேசுவே."

"ஏய்! அது எத்தினியோ தலைமுறைக்கு முன்னாடி..."

"பங்காளிக்குத் தலைமுறைக் கணக்கு இருக்குதா? எங்க சித்தப்பா வூட்ல தீட்டு கேட்டா கொள்ளுத்தாத்தன் பங்காளிக்கும் தலை முழுவறாங்க. வேதத்துல சேந்துட்டா ரத்தம் மாறிடுமா?"

"கேப்டனைத் தத்துப்பிள்ளைன்னு சொல்லிட்டா?"

"தத்து எடுத்தா அந்த வூட்டுப் புள்ளதான். அப்பவும் பங்காளி."

"தம்பின்றத தங்கச்சின்னு மாத்திட்டா? அத்தை வழி வந்தா முறைப்பையன் ஆயிடும்ல?"

"ஆமா. தங்கச்சி கேப்டனா வந்து, காலுல குண்டு வாங்கி, உள்ளூர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டாளாக்கும்."

அன்பரசு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கவேண்டிய நேரம். மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. சின்ன வயசில் அவர் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார்ந்து மணியடித்துக்கொண்டே வந்த முகம். ஒரு குதிரைக்கு ஆசைப்பட்டு அவள் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமே!

"உண்மைய சொல்லிடறேன் ஆரோக்கியம்."

"நீங்க சொன்னா நம்பணுமே. மொத கேப்டன்னீங்க, இப்ப மூட்டைன்னா, கல்யாணத்துக்காக மாத்திப் பேசறீங்கன்னு நெனப்பாங்க. சாட்சி வேணும். பக்கிரி தாத்தாவ நேர்ல பாத்தவங்க யாரு உசிரோட இருக்காங்க?"

ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவர் பத்திரிகை வைக்கமாட்டேன் என்ற ஒருத்தி.

மறுநாளே தாம்பாளம், பழம், வெற்றிலை பாக்கு, புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து காடாம்புலியூருக்குப் போனார். அமராவதி வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன. தம்பியைப் பார்த்ததும் அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா தம்பி! பாப்பாவுக்குக் கல்யாணமாமே. எப்படா பத்திரிகை வரும்னு இருந்தேன். நீயே வந்துட்ட."

அந்த 'நீயே வந்துட்ட' அவரைக் குத்தியது. வந்த காரியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"தாத்தா பேரு பக்கிரின்னு சொல்லணுமா? இதுக்கு ஒரு சாட்சியா?" என்று சிரித்தாள். "ஏன் தம்பி, அந்தப் பேருக்கு என்னா கொறச்சல்? அவருக்கு முன்ன பொறந்ததுங்க எல்லாம் தொட்டில்லியே போயிட்டுதுங்க. இவரு பொறந்ததும் அவுங்க ஆத்தா தெருவுல மடியேந்திப் பிச்ச வாங்கி, அந்தக் காசுல காதுகுத்தி, பக்கிரின்னு பேரு வெச்சாளாம். பிச்சக்காரன் பேரு வெச்சா எமன் திரும்பிப் பாக்கமாட்டான்னு. எமனும் பாக்கல. நீ பொறந்த, நானும் ஒரு அக்கான்னு ஆனேன்."

அன்பரசு இதுவரை கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. "அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடு. வண்டி அனுப்பறேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். லிசெத் குட்டையான அம்மாள், வெட்டிவிட்ட வெள்ளை முடி, பாண்டிச்சேரியில் வாங்கிய கதர் ஜிப்பா. வாசலில் அன்பரசு கை கூப்பி நிற்க, அவரைத் தாண்டிப் போய் ஆரோக்கியம்மாளைக் கட்டிக்கொண்டாள், ஏதோ ஸ்கூலில் சேர்ந்து படித்தவள் மாதிரி. அப்போதும் அன்பரசுவுக்கு உறைக்கவில்லை.

காப்பி முடிந்ததும் அவர் அமராவதியை அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"மேடம். கேப்டன்... நோ கேப்டன். ஹார்ஸ் ஆல்சோ நோ. ஆல் லை. மை கிராண்ட்பாதர் ஒன்லி பக்கிரி. ஹார்பர் லோடுமேன். திஸ் மை அக்கா. ஐ விட்னெஸ். ப்ளீஸ், அவர் சில்ட்ரன் நாட் பிரதர் சிஸ்டர்."

மாப்பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டான். லிசெத் எழுந்து பையிலிருந்து இன்னொரு சுருளை எடுத்துப் பிரித்தாள். பெண் வீட்டு வம்சாவளி. அழகாக அச்சடித்து, பூக்கொடி ஓரம் வைத்தது. உச்சியில் இருந்தது: 'சவரிமுத்து தி பக்கிரி'.

"இது எப்ப அடிச்சது?" என்றார் அன்பரசு.

"தீவாளிக்கு முன்னாடியேப்பா" என்றாள் இசைவாணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப இந்தியாவுக்குக் கப்பல் ஏறின தம்பி?"

எல்லோரும் ஆரோக்கியம்மாள் பக்கம் திரும்பினார்கள். அவள், "டம்ளர் எல்லாம் எடுத்து வெக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

லிசெத் ஏதோ பிரெஞ்சில் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். "அவுங்க வம்சத்துல மொத மொத கனடாவுக்குப் போன பொம்பளைக்கு 'ராஜா மகள்'னு பட்டமாம்ப்பா. ஆனா ராஜா மகள் இல்லியாம். குடியேறினவங்களுக்குப் பொண்ணு கெடைக்கலன்னு ராஜா தன் செலவுல கப்பல் ஏத்தி அனுப்பின அநாதைப் பொண்ணாம். அதைச் சொல்லிக்கறதுல அவுங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லியாம்." பிறகு லிசெத் அமராவதியின் கறுத்த கை இரண்டையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் ஒரு பாஷையும் பொது இல்லை. சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. காடாம்புலியூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். முதல் வரிசையில் அமராவதி. அன்பரசு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் பந்தி விசாரித்தார். இருந்தாலும், 'பக்கிரி சாமி பேரன்' என்று முன்பின் தெரியாத கிழவர்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனபோது, அந்தத் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

மறுவாரம் சிதம்பரத்தில் ஆரோக்கியம்மாளின் தம்பி வீட்டில் சம்பந்திகளுக்கு விருந்து. சாப்பிட்டு முடித்ததும் லிசெத் பேனாவை எடுத்தாள். தாய் வழியும் வேண்டுமாம். அம்மா, அம்மாவுக்கு அம்மா, அவளுக்கு அம்மா. அவளிடம் அப்படி ஒரு படம் இருக்கிறதாம், முழுக்க மரிகள்.

ஆரோக்கியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கம்மா ராஜாமணி. அவுங்கம்மா மதலேனம்மாள். அவுங்கம்மா முத்தம்மாள். அவுங்கம்மா அமிர்தம், புவனகிரி. அமிர்தத்தோட அம்மா விருத்தாம்பாள், பெண்ணாடத்துக்காரி, ரெட்டைப் பின்னல் போட்டா முட்டிக்குக் கீழ தொங்குமாம். விருத்தாம்பாளோட அம்மா தையல்நாயகி, பாம்புக்கடிக்கு மந்திரிக்கறவ. அவுங்கம்மா பூங்காவனம்."

தடங்கலே இல்லாமல், கோயிலில் பிரார்த்தனை சொல்வது போல் வந்தது. லிசெத்தின் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஆரோக்கியம்மாளின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்பரசுவும் தட்டினார். மச்சான் மட்டும் அக்காவை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பந்திகளும் பிள்ளைகளும் கோயில் பார்க்கத் தங்கிவிட்டார்கள். புருஷனும் மனைவியும் மட்டும் கடலூர் பஸ் ஏறினார்கள். பி.முட்லூர் தாண்டும்வரை அன்பரசு விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"ஆரோக்கியம். ஏழு தலைமுறைய மனசுலியே வெச்சிருக்கியே. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"முத்தம்மா வரைக்கும் எங்கம்மா சொன்னாங்க."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல, வர்றப்ப பஸ்ஸுல யோசிச்சேன்."

அன்பரசு சீட்டிலேயே அரை வட்டம் திரும்பினார். "அடிப்பாவி! அந்த ரெட்டைப் பின்னல்?"

"எதிர் சீட்டுல ஒரு பொண்ணு போட்டிருந்தா."

"நான் ஒரே ஒரு கேப்டன் சொன்னதுக்கு என்னக் காடாம்புலியூர் வரைக்கும் ஓட உட்டியேடி!"

"நீங்க சொன்னது ஆம்பளைங்க. அதுவும் பட்டாளத்து ஆளு. எங்கியாவது எழுதி வெச்சிருப்பான், தேடினா அம்புட்டுக்குவான். நம்ம ஊர்ல பொம்பள பேர எவன் எழுதி வெச்சான்? எங்க போயித் தேடுவாங்க?"

அன்பரசுவுக்கு ரத்தம் கொதித்தது. பல மாதங்களுக்குப் பிறகு நியாயம் அவர் பக்கம் வந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து செல்போனை உருவினார். "இப்பவே சம்பந்தியம்மாவுக்குப் போன் போடறேன். இந்த நிமிஷமே உண்மைய சொல்றேன்."

"தாராளமா சொல்லுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள், ஜன்னல் ஓரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு. "நீங்க சொன்னா அப்படியே நம்பிடுவாங்க."